பேசாத பிள்ளை முன்பு என்ன பேசினாள்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். இளையோருக்கான நாவல் ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதன் நாயகியான பத்தாம் வகுப்பு மாணவி, டியூஷன் எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் பாலியல் தொல்லைக்கு ஆளான பிறகு நாவலின் பெரும்பகுதியில் வாய் திறப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் பள்ளி ஆண்டு விழா மேடையேறி, மைக்கைப் பிடித்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறாள். கைப்பிரதியைப் படித்த நண்பர்கள், மௌனப் பகுதி சலிப்பூட்டுகிறது என்றும் மேடைக் காட்சி நம்பும்படி இல்லை என்றும் சொல்லிவிட்டார்களாம். மௌனத்தை எப்படி எழுதுவது, அது எங்கே உடைய வேண்டும், கதையைத் தன்மையில் சொல்வதா படர்க்கையில் சொல்வதா என்பன அவர் கேட்பவை.

நண்பர்கள் சொன்ன குறைகள் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்ணின் மௌனம் கதையில் காரணமில்லாமல் தொடங்கிவிடுகிறது. தொல்லை நடந்தது, அதனால் பேச்சு நின்றது என்று எழுதிவிட்டால் நமக்குக் காரணம் சொன்னதுபோல் இருக்கும்; ஆனால் பாதிக்கப்பட்ட எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவதில்லை. பேசாத சிறுவர்களைப் பற்றிய நல்ல கதைகளைக் கூர்ந்து பார்த்தால், மௌனத்துக்கு முன்னால் ஒரு பேச்சு இருப்பது தெரியும். அந்தப் பிள்ளை ஒரு தடவை யாரிடமோ சொல்லியிருக்கும், அல்லது சொல்ல முயன்றிருக்கும். அதற்கு ஒரு விலை கொடுத்திருக்கும். மௌனம் அந்த விலையிலிருந்து கற்றுக்கொண்ட பாடம். ஆகவே கதையின் முடிவில் அவள் என்ன பேசுகிறாள் என்பதைவிட, தொடக்கத்தில் என்ன பேசினாள், அதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதே முதலில் தெளிவாக வேண்டியது.

இந்த வகையில் உலகெங்கும் அதிகம் பேசப்படும் நாவல், அமெரிக்க எழுத்தாளர் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் வெளியிட்ட 'ஸ்பீக்'. உங்கள் கதைக்கு மிக நெருக்கமானது என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மெலிண்டா என்ற பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறாள். முந்தைய கோடை விடுமுறையில் நடந்த ஒரு விருந்தில் மூத்த மாணவன் ஒருவன் அவளை வன்புணர்ந்திருக்கிறான். இதை நாவல் நமக்கு உடனே சொல்வதில்லை. உடனே சொல்வது வேறொன்றை: அந்த விருந்துக்குப் போலீஸை வரவழைத்தவள் அவள்தான் என்பதற்காகப் பள்ளி முழுவதும் அவளை வெறுக்கிறது, சிறு வயதிலிருந்து உடனிருந்த தோழி ரேச்சல்கூட முகம் கொடுப்பதில்லை. பாதிக்கு மேல் வாசித்த பிறகுதான் அன்று நடந்தது விளங்குகிறது. அவள் 911ஐ அழைத்திருக்கிறாள். மறுமுனையில் ஒரு பெண்குரல் என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறது. எதிரே ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறது. சொல் எழவில்லை. அதற்குள் அழைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துப் போலீஸ் வந்துவிடுகிறது. அதாவது அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் காட்டிக் கொடுத்தவளுக்கான தண்டனை அவளுக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகு அவள் ஏன் பேசுவதில்லை என்று எந்த வாசகரும் கேட்க மாட்டார்.

சலிப்பு என்ற குறைக்கும் இந்த நாவலிலேயே விடை இருக்கிறது. வெளியே பேசாத மெலிண்டா, நமக்குக் கதை சொல்லும்போது வாயாடி. ஆசிரியர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிறாள். சமூக அறிவியல் ஆசிரியர் அவளுக்குக் 'கழுத்து' வாத்தியார். பள்ளி நடத்தும் அபத்தங்களை ஒன்றுவிடாமல் கேலி செய்கிறாள். நாவல் பள்ளியின் நான்கு மதிப்பெண் பருவங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அவளுடைய ரேங்க் கார்டு வருகிறது. மதிப்பெண்கள் சரிந்துகொண்டே போவதைப் பெற்றோரைப் போலவே நாமும் பார்க்கிறோம், ஆனால் பெற்றோருக்குத் தெரியாத காரணம் நமக்குத் தெரியும். முதல்வர் அறையில் பெரியவர்கள் அவளை விசாரிக்கும் காட்சி நாடக உரையாடல்போல் எழுதப்பட்டிருக்கிறது. அம்மா பேசுவது, முதல்வர் பேசுவது, அப்பா பேசுவது என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வசனம். அவள் முறை வரும்போது பெயருக்கு எதிரே வெற்றிடம். அச்சில் அந்த வெற்றிடம் வசனத்தைவிட அதிகமாகக் கண்ணில் படுகிறது. உடம்பும் விடுபடவில்லை. அவள் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். பொருக்குத் தட்டிய அந்த உதடு நாவல் முழுவதும் வருகிறது. 'அவள் மௌனமாக இருந்தாள்' என்று ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகும் நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மௌனமும் கதைக்குள் ஒரு செயல்தான்; அது ஓர் இடத்தில், ஒரு கேள்விக்கு எதிரே, யாரோ ஒருவர் பொறுமையிழக்கும்போது நிகழ வேண்டும்.

அவளுடைய குரல் திரும்பும் விதமும் கவனிக்கத்தக்கது. ஓவிய வகுப்பில் ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவளுக்கு 'மரம்' வருகிறது. ஆண்டு முழுவதும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டில் பண்டிகைக்குச் சமைத்து மீந்த வான்கோழி எலும்புகளை வைத்து ஒரு சிற்பம் செய்கிறாள். ஓவிய ஆசிரியர் அதில் வலியைக் காண்கிறார், ஆனால் துருவிக் கேட்பதில்லை. பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தைப் பற்றி வகுப்பில் கட்டுரை படிக்க வேண்டிய நாளில், தான் பேசாமல் எழுதியதன் நகல்களை எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று அவள் நினைக்க, ஆசிரியர் அதை ஏற்காமல் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார். வாக்குரிமைக்காகப் பேசிய பெண்களைப் பற்றிய கட்டுரையைப் பேசாமல் தருவதில் ஒரு முரண் இருப்பதை அவளுடைய வகுப்புத் தோழன் டேவிட் பிறகு எடுத்துச் சொல்கிறான். அவன் சொல்வது நியாயம்தான், ஆனால் நியாயம் மட்டும் ஒருவரைப் பேசவைப்பதில்லை என்பதும் அங்கே தெரிகிறது. பிறகு கழிப்பறைச் சுவரில், விலகி நிற்க வேண்டிய பையன்கள் என்று ஒரு தலைப்பு எழுதி, அதன் கீழே தன்னை வன்புணர்ந்தவன் பெயரை எழுதுகிறாள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வேறு கையெழுத்துகளில் வேறு பெண்கள் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவனோடு இப்போது பழகும் ரேச்சலிடம் நூலகத்தில் நடந்ததை நோட்டுத் தாளில் எழுதிக் காட்டுகிறாள். யார் என்று கேட்கும் வரையில் பரிவோடு இருந்த ரேச்சல், பெயரைக் கண்டதும் பொய்க்காரி என்று கத்திவிட்டுப் போகிறாள்.

இந்த நூலகக் காட்சியைத்தான் நான் மாணவர்களுக்கு எப்போதும் எடுத்துக் காட்டுவேன். கதாசிரியர்களில் பலர் இதை எழுதத் துணிய மாட்டார்கள். துணிந்து உண்மையைச் சொன்னால் உலகம் திறந்துகொள்ளும் என்று நாம் ஆசைப்படுகிறோம். இங்கே இரண்டாவது பேச்சும் தோற்கிறது. தோற்ற பிறகுதான் மூன்றாவது வருகிறது. அவள் ஒளிந்துகொள்ளும் துப்புரவு அறைக்குள் அவன் மறுபடி வந்து தாக்கும்போது, முன்பு வெளிவராத 'வேண்டாம்' என்ற சொல் கத்தலாக வெளிவருகிறது. நாவல் அந்தக் கத்தலோடும் முடிந்துவிடவில்லை. மரத்தை வரைந்து முடித்த பிறகு ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் அவள் சொல்லத் தொடங்குகிறாள். கேட்பவர் ஒருவர், கூட்டம் இல்லை.

அந்தத் துப்புரவு அறையில் இருக்கும் கண்ணாடியை மறைக்க மெலிண்டா, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலூவின் படத்தை ஒட்டியிருப்பாள். பள்ளி நிர்வாகம் அவருடைய நூலொன்றைத் தடை செய்ததால் நூலகத்திலிருந்து அகற்றப்பட்ட படம் அது. ஏஞ்சலூ 1969இல் வெளியிட்ட 'ஐ நோ ஒய் த கேஜ்டு பேர்ட் சிங்ஸ்' புனைவல்ல, தன்வரலாறு. ஆனாலும் நான் சொல்லிவரும் வடிவம் அதில் மிகக் கொடுமையாக இருக்கிறது. தாயின் துணைவனால் சிதைக்கப்பட்ட குழந்தை அவன் பெயரை அண்ணனிடம் சொல்கிறது, நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்கிறது; சில நாளில் அவன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். தன் குரல் ஆளைக் கொல்லும் என்று நம்பிவிட்ட அந்தக் குழந்தை, அண்ணனிடம் தவிர வேறு யாரிடமும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பேசவில்லை. அர்க்கன்ஸா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் ஊரில் திருமதி ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி அவளை வீட்டுக்கு அழைத்து, பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, டிக்கன்ஸை உரக்கப் படித்துக் காட்டி, கவிதைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்கிறார். நடந்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. தன் கதையைச் சொல்வதற்கு முன் பிறர் எழுதிய சொற்களை வாய்விட்டுச் சொல்வதற்கு அவளுக்கு இடம் கொடுக்கிறார். உங்கள் கதையில் அந்தப் பெண் முதலில் வாய் திறப்பது தன்னைப் பற்றிப் பேசத்தான் என்று ஏன் இருக்க வேண்டும்?

இனி நம் மொழிக்கு வருகிறேன். மௌனத்துக்கு முன்னால் ஒரு பேச்சு உண்டு என்பதற்குத் தமிழில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி, யாரோ ஒருவன் ஓட்டிவந்த பெரிய காரில் ஏறி, கசங்கி, வீடு திரும்புகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. அவள் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் அலறி அடிக்கிறாள்; ஒண்டுக்குடித்தன வீட்டில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும், மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுவதாகச் சமாளிக்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் நீரைக் கொட்டி, அது நீரல்ல நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் இதைச் சொல்லாதே என்றும் சொல்கிறாள். அவன் கொடுத்த சூயிங்கத்தை மகள் இன்னும் மென்றுகொண்டிருப்பதைக் கண்டு, துப்பு என்கிறாள். பெரிய கருத்துகள் எல்லாவற்றையும்விட அந்தச் சூயிங்கம்தான் அவள் இன்னும் சிறுபெண் என்பதைக் காட்டுகிறது.

இங்கே மௌனத்தைக் கட்டளையிடுவது அன்பு. அம்மா நல்லவள், மகளைக் காப்பாற்றுவதற்காகவே வாயைக் கட்டுகிறாள். வாசகர்களில் பலர் கொதித்தார்கள். ஆனால் அவர்களுடைய கோபம் மகள் 'கெட்டுப்போன' பிறகும் அம்மா அவளை ஏற்றுக்கொண்டாளே என்பதில் இருந்தது, அவளைப் பேசாதே என்றாளே என்பதில் அல்ல. ஜெயகாந்தன் அதே கதையை எடுத்து, அந்த அம்மா வாயை மூடிக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவல் எழுதினார். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதுதான். அதில் கங்காவின் அம்மா அலறிய அலறலில் அண்ணன் தங்கையை அடித்து வெளியே தள்ளுகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கும் மாமா வெங்கு, அந்த உதவியின் மறைவில் அவளைத் தின்னப் பார்க்கிறார். இப்போது உத்தியோகம் பார்க்கும் கங்கா, தனக்கு நடந்ததைப் போலவே அமைந்த ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். அதில் அம்மா மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். அந்தக் கதை அவளைக் கிளப்பிவிடுகிறது. தன் கதையை வேறொருவர் மாற்றி எழுதிவிட்டதைக் கண்ட பிறகே அவள் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறாள். ஒரே சம்பவத்தைச் சிறுகதையில் படர்க்கையிலும் நாவலில் கங்காவின் தன்மையிலும் ஒரே எழுத்தாளர் எழுதியிருப்பது, உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு நேரான விடைபோல் இருக்கிறது. பெயரில்லாத பெண்ணைப் பற்றிப் பெரியவர்கள்தாம் முடிவெடுத்தார்கள், ஆகவே அங்கே படர்க்கை பொருந்தியது. கங்கா தன்னைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்ல வந்தவள்.

மௌனம்தான் எப்போதும் வில்லன் என்றும் எண்ணிவிட வேண்டாம். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில் பூப்பெய்திய சிறுமி, ஊரிலிருந்து வரும் அம்மா தன்னிடம் அழகாக எதையோ சொல்வாள் என்று காத்திருக்கிறாள். அம்மா வந்து சலிப்போடு சொல்லும் ஒரு வாக்கியம் அவளை வீழ்த்திவிடுகிறது. அந்த அம்மா பேசாமலிருந்தால் தேவலை என்று நமக்குத் தோன்றும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் மேய்ச்சல் காட்டில் ஓயாமல் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கதையளக்கிறார்கள். பண்ணையக்காரர் முன்னால் அதே வாய் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒரு பிள்ளையை 'பேசாதவள்' என்று முத்திரை குத்துவதற்கு முன், அவள் எங்கே பேசுகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று பார்க்க வேண்டும். தம்பியிடம், நாயிடம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பாட்டியிடம் அவள் பேசலாம். வீட்டில் சரளமாகப் பேசிவிட்டுப் பள்ளியில் ஒரு சொல்லும் எழாமல் உறைந்துபோகும் குழந்தைகள் உண்டு. மருத்துவர்கள் அதைப் பதற்ற நோய்களில் ஒன்றாக வகைப்படுத்துகிறார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்குவது அது. உங்கள் கதையில் வருவது அதுவல்ல, இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

மேடைக் காட்சி நமக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதும் யோசிக்கத்தக்கது. 1952இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தைக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. கதையின் முடிவில் யாராவது நின்று பேசாவிட்டால் நமக்கு முடிந்ததாகத் தோன்றுவதில்லை. அதற்கும் முன்னால் கண்ணகி இருக்கிறாள். மணமாகும்போது பன்னிரண்டு வயது. புகாரில் கணவன் விலகிப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் அவள் பேசியது மிகக் குறைவு. பொருளெல்லாம் தொலைந்தது என்று அவன் நாணி நிற்கும்போது 'சிலம்பு உள, கொண்ம்' என்று சொல்வதோடு சரி. அவள்தான் மதுரையில் 'தேரா மன்னா, செப்புவது உடையேன்' என்று தொடங்குகிறாள். மௌனத்திலிருந்து குரலுக்கு வந்த பெண் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவள் அவள்தானே. ஆனால் அந்தக் காட்சியின் அமைப்பை நாம் மறந்துவிடுகிறோம். வாயிற்காவலன் போய்ச் சொல்கிறான். அரசன் உள்ளே வரவிடச் சொல்கிறான். 'யாரையோ நீ மடக்கொடியோய்' என்று கேட்கிறான். அவள் பேச்சு அந்தக் கேள்விக்கான விடை. கையில் சிலம்பு இருக்கிறது. உடைத்தால் உள்ளிருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்பது தெரிந்துவிடும். கேட்டவனுக்குத் தீர்ப்பளிக்கும் கடமை இருக்கிறது, தன் தவறு தெரிந்ததும் அவன் உயிரை விடுகிறான். இந்த மூன்றும், அதாவது கேள்வி, சான்று, பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒருவர், பள்ளி ஆண்டு விழாவில் எங்கே இருக்கின்றன? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிள்ளையின் நடனத்தைப் பார்க்க வந்த பெற்றோர்.

பள்ளி மேடையை வைத்தே இதை வேறு விதமாகச் செய்து காட்டிய கதை ஒன்று இருக்கிறது. இலங்கையில் பிறந்த ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியான 'ஃபன்னி பாய்', கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் கதைகள் ஆறு. சிறு வயதில் புடவை கட்டி மணப்பெண் விளையாட்டு விளையாடியதற்காக அவமானப்பட்டவன் அவன். ஆணாக்கிவிடும் என்று நம்பி அப்பா அவனைக் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு பள்ளிக்கு மாற்றுகிறார். அங்கே முதல்வர், பரிசளிப்பு விழாவில் ஒப்பிக்க இரண்டு ஆங்கிலக் கவிதைகளை அவனுக்குக் கொடுக்கிறார். பள்ளியின் பெருமையையும் விளையாட்டு வீரத்தையும் போற்றும் கவிதைகள். அவனுக்கு அவற்றில் ஒரு வரியிலும் நம்பிக்கையில்லை. பயத்தில் வரிகள் மறந்துபோகின்றன, அடி விழுகிறது. அவனுக்குப் பிரியமான ஷேஹனும் முதல்வரிடம் சிக்கி வதைபடுகிறான். விழா நாளில் அர்ஜி வரிகளை நன்றாக அறிந்தும் வேண்டுமென்றே குழப்பி, திக்கி, ஒன்றோடொன்று கலந்து ஒப்பிக்கிறான். அவையில் சிரிப்பு. அந்தக் கவிதைகளை வைத்தே உரை தயாரித்திருந்த முதல்வர் மேடையில் தடுமாறுகிறார். தன் கதையில் ஒரு சொல்லையும் அர்ஜி அங்கே சொல்லவில்லை. தன் வாயில் திணிக்கப்பட்ட சொற்களைக் கெடுத்தான், அவ்வளவே. அதுவும் எளிய வெற்றி அல்ல. பள்ளியைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக மாற்றத் துடிக்கும் துணை முதல்வருக்கு எதிராகத் தமிழ் மாணவர்களுக்கு ஓரளவு அரணாக நின்றவர் அதே முதல்வர்தான். அவர் விழுந்தால் யார் எழுவார் என்பதை அர்ஜி அறிந்தே செய்கிறான். 1983 கலவரம் அடுத்த கதையில் நாட்குறிப்பாக வருகிறது. குரலைக் கண்டடைவதற்குப் பிறர் கொடுக்கும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இளையோர் கதை இதைப்போல் அதிகம் இல்லை.

உங்கள் கதை இன்றைய தமிழ்நாட்டில் நடப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காமலிருப்பது தண்டனைக்குரியது. ஆகவே உங்கள் நாயகி யாரிடம் முதலில் சொல்கிறாளோ அவர் அந்த நொடியிலிருந்து வெறும் காது அல்ல, கதைக்குள் இழுக்கப்பட்ட பாத்திரம். பிள்ளையின் வாக்குமூலத்தை அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரை அவள் நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்கக்கூடாது. ஊடகங்கள் அவளை அடையாளம் காட்டக்கூடாது. மேடையில் அவள் பேசும்போது நானூறு கைப்பேசிகள் படம்பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், அந்தக் காட்சி விடுதலையாக மட்டும் முடிய வழியில்லை என்பது தெரியும். சாதாரண உடையில் வந்த ஒரு பெண் அதிகாரி, கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டும் காட்சி தமிழ்ப் புனைவில் எனக்குத் தெரிந்து அரிது. நாடகத்தனம் இல்லாத இடம்தான். ஆனால் தான் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து பிசகாமல் திரும்பி வருவதை அவள் முதன்முதலாகக் கேட்கும் இடமும் அதுதான்.

தன்மையா படர்க்கையா என்பதில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தன்மையில் எழுதினால், யாரிடமும் சொல்லாததை அவள் வாசகரிடம் முதல் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற முரண் வரும். 'ஸ்பீக்' அதைத் தாண்டிய வழி, வாசகரிடமும் நடந்ததைத் தள்ளிப்போட்டது. மற்ற எல்லாவற்றையும் பேசி, அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல், செய்தவனையும் 'அது' என்றே குறிப்பிட்டுச் சுற்றி வந்தது. அந்தச் சாமர்த்தியமும் கேலிச் சுவையும் உங்கள் நாயகிக்கு இயல்பாக வருமானால் தன்மையில் எழுதுங்கள். அவள் அவ்வளவு சூட்டிகையானவள் அல்ல, சாதாரணமாகப் படிக்கும், சாதாரணமாகப் பயப்படும் பெண் என்றால், அவள் வாயில் எழுத்தாளரின் நடையைத் திணிப்பதைவிடப் படர்க்கையே நேர்மையானது. அப்போது அவள் அம்மாவையோ தோழியையோ அருகிலிருந்து பின்தொடரலாம். கேட்கத் தவறியவர்களின் பக்கத்திலிருந்து எழுதும்போது மௌனம் இன்னும் கனக்கும்.

நாவலைத் திருத்தும்போது முதலில் முன்கதைக்குப் போங்கள். 'நாளையிலிருந்து டியூஷன் வேண்டாம்' என்று அவள் ஒரு நாள் சொல்லியிருப்பாள். ஃபீஸ் கட்டியாயிற்று, பரீட்சை நெருங்குகிறது என்று வீட்டில் யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். அந்த உரையாடலை முழுதாக எழுதுங்கள், பதில் சொன்னவரைக் கெட்டவராக்காமல் எழுதுங்கள். ஆண்டு விழாவை விட மனமில்லை என்றால் அதை நாவலின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே அவள் பேசட்டும். யாரோ மைக்கை அணைக்கட்டும், தொகுத்து வழங்குபவர் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கட்டும், மறுநாள் தலைமையாசிரியர் அறைக்குப் பெற்றோர் வரவழைக்கப்படட்டும். நாவலின் மறுபாதி அங்கிருந்து தொடங்கலாம்.